காணாமல் போன கணவர்களின் மொழி

கேள்வி: கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷையும் அதன் பண்பாட்டையும் பாதுகாக்க, கொண்டாட என்று அமெரிக்காவில் நூலகம், ஆய்வு நிறுவனம், கோடைக்கால வகுப்பு என ஏகப்பட்ட ஏற்பாடுகள் நடக்கின்றனவாம். பேச ஆளைக் காணோம் என்கிற மொழிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ‘ஆளைக் காணோம்’ என்று எழுதிவிட்டீர்கள். கேள்வியின் மிச்சம் சற்றுக் காத்திருக்கட்டும்.

நியூயார்க்கில் 1897இல் தொடங்கிய யிட்டிஷ் நாளேடு ‘ஃபோர்வெர்ட்ஸ்’. அதில் ‘காணாமல் போன கணவர்களின் படவரிசை’ என்றே ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த யூதக் குடும்பங்களில், தையல் வேலைக்குப் போன கணவன் ஒரு நாள் வீடு திரும்பமாட்டான். ஓடிப்போன கணவர்களைத் தேடுவதற்கென்றே 1911இல் ஓர் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி கொண்டுவந்து தரும் புகைப்படத்தை அந்த அலுவலகம் பத்திரிகைக்கு அனுப்பும். பக்கம் முழுக்க முகங்கள். மீசையை முறுக்கிக்கொண்டு, விறைத்த காலரும் டையுமாக ஸ்டூடியோவில் நின்றவர்கள். கீழே பெயர், வயது, தொழில். வேறு ஊரில் வேறு பெயரில் பிரம்மச்சாரியாக உலவுகிற மனிதன், காலையில் காபி குடித்தபடி பத்திரிகையைப் பிரித்தால் அதில் அவனே இருப்பான். எதிரில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரியும் அதே பத்திரிகையைத்தான் படிக்கிறாள். நாடு முழுக்கப் போலீஸ் தேடியும் அகப்படாதவனை மொழி பிடித்துக் கொடுத்துவிடும். யிட்டிஷ் அன்று எப்படி வாழ்ந்தது என்று எந்த ஆய்வேட்டைவிடவும் இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே சொல்லியிருக்கிறது.

இதே பத்திரிகையில் 1906இல் அதன் ஆசிரியர் ஆப்ரஹாம் கஹான் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பகுதியைத் தொடங்கினார். பெயர் ‘பின்டெல் பிரீஃப்’, அதாவது ஒரு கட்டுக் கடிதம். காதலா கடவுளா, முதலாளியின் மகளை மணக்கலாமா, மாமியாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று எல்லாமே வந்து குவிந்தன. கேள்வி-பதில் இலக்கியமல்ல, வெட்டி அரட்டை என்று மேடைதோறும் சொல்லிவரும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் நான் எழுதும் இந்தக் கேள்வி-பதில் பக்கத்தை ரகசியமாகப் படிப்பது எனக்குத் தெரியும். அவர் கவனத்துக்கு: நோபல் பரிசு வாங்கிய ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதைகள் தொடராக வெளிவந்தது, மாமியார் விவகாரத்தை அலசிய அதே ஃபோர்வெர்ட்ஸில்தான். சிங்கருக்குப் பிரச்சினையாகத் தெரியாதது இவருக்குத் தெரிகிறது.

கஹானின் பதில்களில் ஒன்று என்னை விடாமல் உறுத்துகிறது. 1903இல், அதாவது அந்தப் பகுதி தொடங்குவதற்கும் முன்பே, ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு தகப்பன் எழுதுகிறார்: வளர்ந்த ஆட்கள் ஒரு தோல்பந்தின் பின்னால் ஓடுகிறார்கள், என் பையனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது, என்ன செய்யட்டும்? கஹான் சொன்னார்: படிப்பு கெடாத வரையில் பையன்கள் பேஸ்பால் ஆடட்டும், நம் பிள்ளைகள் தாம் வாழும் நாட்டிலேயே அந்நியர்களாக வளர வேண்டாம். பொன்னான அறிவுரை. யார் கேட்டிருந்தாலும் நானும் அதையே சொல்லியிருப்பேன். பையன் ஆடினான். ஆங்கிலம் பேசினான். கல்லூரிக்குப் போனான். தன் மகனுக்கு யிட்டிஷில் இரண்டு வசவுகளையும் ஒரு தாலாட்டையும் விட்டுச் சென்றான். எல்லாரும் நன்றாக வாழ்ந்தார்கள். பத்திரிகைக்கு வாசகர்தான் குறைந்துகொண்டே போனார்கள். நாளேடு 1983இல் வார இதழாகச் சுருங்கியது. 2019இல் அச்சே நின்று இணையத்தோடு சரி. எங்கள் தொழிலில் இப்படியும் ஒரு விபத்து உண்டு: ஆசிரியர் சொன்ன புத்திமதியை வாசகர்கள் கேட்டுவிட்டார்கள்.

இது அமெரிக்கக் கதை. ஐரோப்பாவில் நடந்ததை இந்தத் தொனியில் எழுத முடியாது. போருக்கு முன் யிட்டிஷ் பேசியவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஹிட்லரின் ஆட்கள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி அது. ஸ்டாலின் தன் பங்குக்கு 1952 ஆகஸ்ட் 12 அன்று பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொல்லவைத்தார்; பெரெட்ஸ் மார்கிஷ் முதலான யிட்டிஷ் கவிஞர்கள் அதில் உண்டு. ஆகவே ‘ஆளைக் காணோம்’ என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, அம்மா. அவர்கள் ஓடிப்போன கணவர்கள் அல்லர்.

வில்னா நகரில் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில் சிக்கியிருந்த யிட்டிஷ் கவிஞர் சுட்ஸ்கேவெரையும் அவருடைய தோழர்களையும் நாஜிகள் ஒரு வேலைக்கு அனுப்பினார்கள்: யூத நூலகங்களைப் பிரித்து, ஒரு பகுதியை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும், மற்றதெல்லாம் காகித ஆலைக்கு. அவர்களோ மாலையில் திரும்பும்போது சட்டைக்குள் கையெழுத்துப் பிரதிகளைச் செருகிக்கொண்டு காவலைத் தாண்டி வந்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும். நம் ஊரில் எழுத்தாளர் காலமான பதினாறாம் நாள் அவர் அலமாரியை எடைக்குப் போட்டுவிட்டு, நூற்றாண்டு விழாவுக்குப் பொன்னாடையோடு வந்து நிற்கிற வாரிசுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதுவேன்.

எடை என்றதும் இன்னொருவர். 1980இல் ஆரன் லான்ஸ்கி என்ற 24 வயது மாணவர், பாட்டன் பாட்டியின் யிட்டிஷ் புத்தகங்களைப் பேரப்பிள்ளைகள் குப்பையில் எறிவதைக் கண்டு வீடு வீடாகச் சேகரிக்கக் கிளம்பினார். உலகிலேயே 70,000 புத்தகம் தேறினால் அதிகம் என்றார்கள் வல்லுநர்கள். பத்து லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. நீங்கள் சொன்ன ஏற்பாடுகளில் ஒன்று, மாசசூசெட்ஸில் அவர் நிறுவிய யிட்டிஷ் புத்தக மையம். இதில் எனக்குப் பிடித்தது சாப்பாடுதான். போகிற வீட்டிலெல்லாம் கிழவிகள் மேசை நிறையப் பரிமாறி, ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து அது வந்த கதையைச் சொல்லி முடித்த பிறகே கையில் கொடுப்பார்களாம். மறுக்க முடியாது. அதனால் மூட்டை தூக்க ஆட்களோடு, சாப்பிடுவதற்கென்றே ஒருவரையும் லான்ஸ்கி கூட்டிப்போனார். பண்பாட்டுப் பாதுகாப்பில் இப்படி ஒரு பதவி இருப்பது தெரியாமல் நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் உங்கள் கேள்வி. பேச ஆளைக் காணோம் என்று யார் சொன்னது? கஹானின் அறிவுரையைக் கேட்காதவர்கள் இருக்கிறார்கள். போரில் தப்பிப் பிழைத்து வந்த, ஆசாரம் தவறாத ஹசிதிய யூதர்கள், பிள்ளைகள் இந்த நாட்டில் அந்நியராகவே வளரட்டும் என்று முடிவு செய்தார்கள். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கிலும், நியூயார்க் மாநிலத்தின் கிர்யாஸ் ஜோயலிலும் குழந்தை இன்றும் யிட்டிஷில்தான் அழுகிறது, அதட்டலும் யிட்டிஷில்தான் விழுகிறது. சிங்கரை அவர்கள் படிப்பதில்லை. மத ஆசாரங்களை விட்டவரின் கதை அவர்களுக்கு எதற்கு? புத்தக மையத்துப் படிப்பாளிகளுக்கோ இவர்களுடைய இலக்கணம் பிடிப்பதில்லை. ஒரு தரப்பிடம் புத்தகம், இன்னொரு தரப்பிடம் பிள்ளைகள். எனக்குப் படிப்பாளிகளைத்தான் பிடிக்கும், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் பிள்ளைகள் பக்கம் கட்டுவேன்.

அங்கே சத்மார் என்றொரு பெரிய ஹசிதியப் பிரிவு. அதன் குருபீடம் யாருக்கு என்பதில் அண்ணன் ஆரனுக்கும் தம்பி ஸல்மானுக்கும் தகராறு மூண்டது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஏற்கெனவே இருந்த ‘டெர் யிட்’ வார இதழ் தம்பி பக்கம் போக, அண்ணன் தரப்பு 2000இல் ‘டெர் பிளாட்’ என்று தனியாக ஒன்று தொடங்கிக்கொண்டது. இரண்டும் யிட்டிஷ். இரண்டும் அச்சில் வருகின்றன.