அப்டேட்டுக்குப் பின் திறந்தவுடன் மூடிக்கொள்ளும் கூகுள் போட்டோஸ்: முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்

வணக்கம். போனை அப்டேட் செய்த நாள்முதல் கூகுள் போட்டோஸ் திறந்த இரண்டே நொடியில் மூடிக்கொள்கிறது என்றும், குடியாத்தத்தில் நடந்த தங்கையின் திருமணப் படங்கள் போய்விட்டனவோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கேமராவில் எடுத்த படங்கள் அந்தச் செயலிக்குள் இருப்பவை அல்ல. போனின் நினைவகத்தில் டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் இருப்பவை. ஃபைல்ஸ் செயலி வழியாக அதைத் திறந்து, மணமேடைப் படங்கள் தெரிந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் கேபிள் போட்டுக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பிளே ஸ்டோரில் செயலிக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் ஏற்றுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், போட்டோஸின் ஸ்டோரேஜைத் தொட்டு, 'கிளியர் கேச்' மட்டும் அழுத்திவிட்டுப் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய பதிப்பு சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளால் சிக்கல் என்றால் இதுவே போதும்.

அதே திரையில் இருக்கும் 'கிளியர் டேட்டா'வை மட்டும் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். போட்டோஸ் செயலிக்குள்ளேயே படங்களைப் பூட்டி வைக்க உதவும் லாக்டு ஃபோல்டரில் பேக்கப் இல்லாமல் வைத்தவை அதோடு அழிந்துவிடும். காட்பாடியில் என் அத்தை, வீட்டுப் பத்திரத்தையும் நகை ரசீதுகளையும் படமெடுத்து அங்கே பூட்டி வைத்திருந்தவர், அந்த ஒரு தொடுதலில் எல்லாவற்றையும் இழந்தார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேச் அழித்த பிறகும், படங்களைத் தள்ளிப் பார்க்கையில் ஒரே இடத்தில் மட்டும் மூடிக்கொண்டால், அங்குள்ள ஏதோ ஒரு வீடியோ பழுதாகியிருக்கலாம். ஃபைல்ஸ் வழியாக அதைக் கணினிக்கு மாற்றிப் பாருங்கள்.