பயாப்ஸி ரிப்போர்ட்டில் மருந்தின் பெயர் ஏன் இல்லை?

கேள்வி: வலிப்புக்காகக் கார்பமசெபின் மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்து, கண்ணும் வாயும் புண்ணாகி, உடம்பில் கொப்புளம் போட்டுத் தோல் உரிந்தது. மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, தோலில் இரண்டு சிறு துண்டுகள் எடுத்தார்கள். ‘மேல்தோல் முழுவதும் செத்திருக்கிறது, அழற்சி அணுக்கள் குறைவு, மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எந்த மருந்து என்று இல்லையே, பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் மருந்து தெரியாது, அது செய்த சேதம்தான் தெரியும். கார்பமசெபினோ, சல்ஃபாவோ, அலோபியூரினாலோ, எதனால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் (உங்கள் தம்பிக்கு வந்தது போல, மருந்து ஒவ்வாமையால் தோல் செத்து உரியும் நோய்) வந்தாலும் தோல் ஒரே மாதிரிதான் சாகும். எந்த மருந்து என்பதை மாத்திரை தொடங்கிய தேதியை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். பெரும்பாலும் 4 முதல் 28 நாளுக்குள் வரும், உங்கள் தம்பியின் கணக்கு அதற்குள் வருகிறது. ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றே நிறுத்தினார்களே, அதுதான் சரியான வைத்தியம்.

இதே மாதிரி தோல் உரியும் வேறு நோய்களும் இருப்பதால்தான் பயாப்ஸி. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சினால் உரிந்தால் மேல்தோலின் உச்சி மட்டும் பிரியும், கீழே உள்ள செல்கள் உயிரோடு இருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். இங்கே மேல்தோல் அடிவரை செத்து, அதற்கும் கீழே பிளந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கெராட்டின் அடுக்கு மட்டும் கூடை பின்னல் மாதிரி எப்போதும் போலவே இருக்கும், ஏனென்றால் எல்லாம் அவ்வளவு வேகமாக நடந்து முடிந்துவிடுகிறது. இரண்டாவது துண்டு ஃபார்மலினில் போடாமல் தனியாக அனுப்பப்பட்டிருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் பெம்ஃபிகஸ் போன்ற நோய்களில் தோலில் படியும் ஆன்டிபாடிகளைத் தேடுவதற்கு. அது நெகட்டிவ் என்றால் அந்த நோய்களுக்கான சந்தேகம் பெரிதும் குறையும்.

‘அணுக்கள் குறைவு’ என்பதைப் பார்த்து, அப்போ லேசானதுதான் போல என்று நினைத்துவிடாதீர்கள். டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் விடும் கிரானுலைசின் என்ற புரதம் கொப்புள நீரில் நிறைய இருக்கும், அதுவே தோல் செல்களைக் கொல்லப் போதும். எவ்வளவு தோல் போயிருக்கிறது என்பதையும் இந்தத் துண்டு சொல்லாது. உடம்பைப் பார்த்துத்தான் கணக்கு: உடம்பின் மொத்தத் தோலில் 10 சதவீதத்துக்குக் கீழே உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், 30-க்கு மேலே போனால் அதன் கடுமையான வடிவமான டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ், நடுவில் இரண்டும் கலந்தது.

எல்லா மருந்து ஒவ்வாமைக்கும் பயாப்ஸி இவ்வளவு தெளிவாகப் பேசாது. கெராட்டினுக்கு அடியில் சீழ்க்கொப்புளம் தெரிந்தால் ஏஜெப் (AGEP) என்ற, திடீரென்று சீழ்க்கொப்புளங்கள் போடும் வகையைச் சொல்லிவிடலாம். உள்ளுறுப்புகளையும் தாக்கும் ட்ரெஸ் (DRESS) என்ற வகையில் தோலைவிட ரத்தத்தையும் கல்லீரலையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

தம்பிக்கு இனி கார்பமசெபின் கூடவே கூடாது. ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டல் போன்ற வலிப்பு மருந்துகளும் அதே குடும்பம் மாதிரி என்பதால் அவற்றையும் தவிர்க்கச் சொல்வார்கள். பெயர்களை ஒரு அட்டையில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: இந்த ஒவ்வாமை வரும் வாய்ப்பைக் கூட்டும் எச்எல்ஏ (HLA, எதிர்ப்புச் சக்தி சார்ந்தது) மரபணு வகை கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். நாளைக்கு உங்களுக்கே இந்த மாத்திரை எழுதினால், தம்பி கதையை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.