பிளஸ் டூ படிக்கும் போலீஸ்காரர்கள்

வணக்கம் சார்,

நீங்கள் சிபாரிசு செய்தீர்களே என்று ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ பார்த்தேன்; போதைப்பொருள் விற்பவர்களைப் பிடிக்க இரண்டு போலீஸ்காரர்கள் மாணவர்களாக வேஷம் போட்டுப் பள்ளிக்குப் போகிற படம். சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சானிங் டேட்டம் பள்ளிக்கூடப் பையன் மாதிரியா இருக்கிறார்? பையனைச் சேர்க்க வந்த அப்பா மாதிரி இருக்கிறார். ஒரு வாத்தியாருக்குக்கூடவா சந்தேகம் வராது?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

வயசு விஷயம் சரிதான். 2012 மார்ச்சில் படம் வந்தபோது டேட்டமுக்கு 31, ஜோனா ஹில்லுக்கு 28. எடுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? 1987-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் மறுபிறப்பு இது; ஜானி டெப்பைப் பிரபலமாக்கியது அந்தத் தொடர்தான். எண்பதுகளின் பழைய திட்டத்தைத் தூசி தட்டி எடுக்கிறோம், புதிதாக யோசிக்க ஆளில்லை என்று படத்தில் மேலதிகாரியே சொல்லிவிடுகிறார். தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டு தொடங்குகிற படத்திடம் லாஜிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. படிக்கிற காலத்தில் ஜென்கோ (டேட்டம்) பள்ளிக்கே ராஜா. ஷ்மிட் (ஜோனா ஹில்), பிடித்த பெண்ணிடம் பேசினாலே நாக்குக் குழறுகிறவன். வேஷம் போட்டுத் திரும்பி வந்தால் அங்கே காற்று மாறியிருக்கிறது. படிப்பவனையும் சுற்றுச்சூழல் பேசுபவனையும்தான் இப்போது எல்லாருக்கும் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, தனக்குக் கொடுத்த பொய்ப் பெயர் எது என்பதையே ஜென்கோ மறந்துவிடுவதால், ஷ்மிட்டுக்கு ஒதுக்கிய வேதியியல் வகுப்பு அவன் தலையில் விழுகிறது. ஷ்மிட் நாடக மேடைக்குப் போகிறான். போன இடத்தில் வந்த வேலையையே மறந்து, பிரபலமாக இருப்பதில் சொக்கிப்போகிறான். ஷ்மிட் ஜென்கோவைப் பற்றி மட்டமாகப் பேசுவதை ஒட்டுக்கேட்கும் கருவியில் ஜென்கோவே கேட்கிற இடம் இருக்கிறதே, அங்கே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் உங்கள் கேள்வி. யாருக்கும் சந்தேகம் வராதா? நிஜத்திலேயே பல நேரம் வந்ததில்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1974 முதலே இளம் அதிகாரிகளை மாணவர்களாக அனுப்பி, போதைப்பொருள் வாங்கவைத்து, விற்றவர்களைப் பிடித்தது. இந்தப் படம் வந்த அதே 2012-இன் டிசம்பரில், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு கவுண்டியில் இப்படி 22 மாணவர்கள் கைதானார்கள். அதில் ஒரு பையனுக்கு 17 வயது, ஆட்டிசம். மாணவனாக வந்த அதிகாரி அவனோடு பழகி, 20 டாலர் கொடுத்துக் கஞ்சா வாங்கித் தரச் சொன்னார். அவனும் எங்கேயோ அலைந்து கொஞ்சம் வாங்கிக் கொடுத்தான். பள்ளி நிர்வாகம் அவனை வெளியேற்றப் பார்த்தது; திரும்பச் சேர்க்கும்படி 2013-இல் நீதிபதி உத்தரவிட்டார்.

படத்தின் மேல் என் குறையும் இங்கேதான். ஷ்மிட், பள்ளியில் போதைப்பொருள் விற்கும் எரிக் என்ற மாணவனோடு நட்பாகிறான், அவனையே பிடித்தும் கொடுக்கிறான். கூடப் பழகியவன் போலீஸ் என்று தெரிகிற அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும் என்பதைப் படம் சிரித்தபடியே தாண்டிப் போய்விடுகிறது. அந்த ரிவர்சைடு பையனின் அப்பா அம்மா, நம் பிள்ளைக்கும் கடைசியில் ஒரு சிநேகிதன் கிடைத்தானே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்களாம்.