இரண்டே வருஷத்தில் பல்செட்டு லூசாவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 68. எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் பல்செட்டு கட்டினேன். அப்போது கச்சிதமாக இருந்தது. இப்போது சாப்பிடும்போது கீழ்செட்டு தூக்குகிறது, ஈறில் புண்ணும் இருக்கிறது. பேஸ்ட் தடவித்தான் சமாளிக்கிறேன். புதிதாகக் கட்ட வேண்டுமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, செட்டு மாறவில்லை. அதைத் தாங்கும் எலும்புதான் குறைந்திருக்கிறது. பல் எடுத்த முதல் வருஷம் தாடையெலும்பு வேகமாகக் கரையும். பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். கீழ்த்தாடையில் இது மேல்தாடையைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு. மேல்செட்டு அண்ணம் முழுக்கப் பரவி ஒட்டிக்கொள்ளும். கீழே அந்த இடம் இல்லை. நாக்கும் கன்னமும் வேறு தள்ளிக்கொண்டே இருக்கும்.

செட்டின் பற்கள் தேயாமல், கடியும் சரியாக இருந்தால் புதுசெட்டு வேண்டாம். 'ரீலைன்' போதும்: செட்டின் உள்பக்கத்தில் இப்போதைய ஈறின் அளவை எடுத்து, குறைந்த இடத்துக்கு அக்ரிலிக் (செட்டு செய்யும் பிளாஸ்டிக்) சேர்ப்பார்கள். லேபுக்குப் போனால் செட்டு ஓரிரு நாள் கையில் இருக்காது. வீட்டில் விசேஷம் இல்லாத வாரமாகப் பாருங்கள்.

முதலில் புண். டாக்டரிடம் போகுமுன் சில மணி நேரம் செட்டைப் போட்டிருங்கள். எந்த இடம் அழுத்துகிறது என்று அப்போதுதான் தெரியும். செட்டை நீங்களே உரசித் தேய்க்கவே கூடாது. ஒரு இழை கூடத் தேய்ந்தாலும் பிடிப்பு போய்விடும். புண் ஆறி, வீக்கம் வடிந்த பிறகே ரீலைனுக்கு அளவு எடுக்க வேண்டும். வீங்கிய ஈறில் எடுத்த அளவு மறுபடி லூசாகும்.

பேஸ்ட், துடைத்து உலர்த்திய செட்டில் பட்டாணி அளவு மூன்று பொட்டு போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ரீலைனுக்கு நேரம் வந்துவிட்டது. துத்தநாகம் கலந்த பேஸ்ட்டை நாள்கணக்கில்லாமல் அதிகம் பயன்படுத்தினால் உடம்பில் செம்புச் சத்து குறைந்து கைகால் மரத்துப்போகலாம். துத்தநாகம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

வெந்நீர் ஆகாது, அக்ரிலிக் வளைந்துவிடும். டூத்பேஸ்ட் கீறும், மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போதும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவையுங்கள், காயவிடாதீர்கள்.

நாட்டுக்கோழியைச் சின்னத் துண்டாக்கி, இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லுங்கள். ஒரு பக்கமே மென்றால் மறுபக்கம் எழும்பும். சீப்புச் சீடையை முன்பல்லால் கடிக்க வேண்டாம், உடைத்துப் பின்பக்கம் வையுங்கள்.

செட்டைச் சரிசெய்த பின்னும் புண் 2 வாரத்தில் ஆறாவிட்டால், அதுவும் வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால், தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் சதையில் துளி எடுத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்வார்கள்.