கேள்வி – பதில்: கபாயேவின் குரல்

கேள்வி: 'குயின்' ராக் குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரியோடு 'பார்சிலோனா' பாட்டைப் பாடிய பெண்மணி யார்? அந்த ஒரு பாட்டால்தான் புகழ் பெற்றாரா?

பதில்: மோன்செராட் கபாயே. 1933-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவிலேயே பிறந்த ஓப்ரா (பாட்டாலேயே நடத்தப்படும் மேற்கத்திய இசை நாடகம்) பாடகி. அந்தப் பாட்டு 1987-ல் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, ஓப்ரா மேடையில் இருபது வருஷத்துக்கு மேலாக அவர் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. சொல்லப்போனால் மெர்குரிதான் அவருடைய ரசிகர்.

வசதி இல்லாத வீடு, கைக்குட்டை ஆலையில் வேலை, அப்புறம் ஒரு பணக்காரக் குடும்பம் கைகொடுத்ததால் பார்சிலோனாவின் லிசேயு இசைப்பள்ளியில் படிப்பு. சுவிட்சர்லாந்தின் பாசல், ஜெர்மனியின் பிரெமன் மேடைகளில் பல வருஷம் பாடியும் உலகம் கண்டுகொள்ளவில்லை. 1965-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் 'லுக்ரேசியா போர்ஜியா' என்ற ஓப்ராவைப் பாட வேண்டிய பாடகி மெரிலின் ஹார்ன் கர்ப்பமாக இருந்தார், அவருக்குப் பதிலாகக் கபாயேவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கைதட்டல் அடங்கவே நெடுநேரம் ஆனது.

அப்படி என்ன இருந்தது அந்தக் குரலில்? உச்சத்தில் ஓங்கிப் பாடப் பலரால் முடியும். இவரோ மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கேயே நின்று, குரலை நூல்போல இழைத்துக்கொண்டே போவார், மைக் இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் அது கேட்கும். மெல்லப் பாடுவதற்குத்தான் மூச்சு அதிகம் கட்டுப்பட வேண்டும். பள்ளியில் ஆசிரியை யூஜெனியா கெம்மெனி மூச்சுப் பயிற்சியில் காட்டிய பிடிவாதம் வீண்போகவில்லை.

கேள்வி: வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கினாராமே?

பதில்: உண்மைதான். பார்சிலோனாவில் இருந்துகொண்டே, வரி குறைவான பக்கத்துக் குட்டி நாடான அந்தோராவில் குடியிருப்பதாகக் கணக்குக் காட்டினார். 2015-ல் ஆறு மாதச் சிறை (நிறுத்திவைக்கப்பட்டது), இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம். பாட்டு பிடிக்கும் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. 2018-ல் காலமானார்.

கேள்வி: ஓப்ரா கேட்டதே இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: 1974-ல் பிரான்சின் ஒராஞ்ச் நகரில், பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் பாடிய 'நோர்மா' என்ற ஓப்ரா. வீடியோவே இருக்கிறது, அதில் 'காஸ்தா திவா' என்ற தனிப்பாடலை மட்டும் முதலில் பாருங்கள். தெற்குப் பிரான்சில் வீசும் மிஸ்ட்ரல் என்ற பலத்த காற்று பேயாய் அடிக்கிறது, உடுப்பெல்லாம் படபடக்கிறது, சுருதி மட்டும் அசையவில்லை. பிடித்துப்போனால் 1966-ல் ஒலிப்பதிவான 'லுக்ரேசியா போர்ஜியா' முழுவதையும் கேளுங்கள், கூடப் பாடும் ஆல்ஃப்ரெடோ கிராஸும் ஸ்பெயின்காரர்தான், அவரைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி அனுப்பலாம்!