நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் பெயரோடு அடிக்கடி வரும் 'கட்டாய உரிமம்' என்றால் என்ன?

பிரபா ஸ்ரீதேவன் 2000 முதல் 2010 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. அப்புறம் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவர், அதுவும் சென்னையில்தான் இருந்தது (2021-ல் கலைத்துவிட்டார்கள்). ஓய்வுக்குப் பிறகு தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வருகிறார்.

காப்புரிமை (ஒரு கண்டுபிடிப்பைத் தயாரித்து விற்கும் தனி உரிமை, பேட்டன்ட்) பெற்றவர் சம்மதிக்காவிட்டாலும், இன்னொருவர் அந்தப் பொருளைத் தயாரிக்க அரசு தரும் அனுமதிதான் கட்டாய உரிமம். ஊரில் தண்ணீர் உள்ள ஒரே போர்வெல்காரர் குடம் ஆயிரம் ரூபாய் என்றால் பஞ்சாயத்து என்ன சொல்லும்? "போர் உன்னுடையதுதான், நியாயமான காசை வாங்கிக்கொண்டு பக்கத்துக்காரரையும் இறைக்க விடு."

பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான மாத்திரை. ஒரு மாதத்துக்கு, அதாவது 120 மாத்திரைக்கு, அப்போது சுமார் 2,80,000 ரூபாய். எத்தனை குடும்பத்தால் முடியும்? அதையே 8,880 ரூபாய்க்கு விற்க 2012 மார்ச்சில் நாட்கோ என்ற இந்திய மருந்து நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது, இந்தியாவில் இதுவே முதல் முறை. பேயர் அந்த மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக, 2013 மார்ச்சில் பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு அந்த உரிமத்தை உறுதி செய்தது. காப்புரிமை தருவதே கண்டுபிடிப்பு மக்களுக்குப் போய்ச் சேரத்தான், வாங்கவே முடியாத விலை வைத்தால் அந்த நோக்கம் அடிபடுகிறது என்பதுதான் கட்டாய உரிமம் தரும் சட்டப்பிரிவின் அடிப்படை.

அவர் பேயரின் காப்புரிமையை ரத்து செய்தார் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு: காப்புரிமை பேயரிடமே இருந்தது, நாட்கோ தன் விற்பனையில் பேயருக்குத் தர வேண்டிய பங்கான ராயல்டியைக்கூட அவர் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தினார்.