ஜாவாஸ்கிரிப்டில் பில் கணக்குப் போட பிக் ஜேஎஸ் போன்ற லைப்ரரி அவசியமா?

பணக் கணக்கு என்றால் பெரும்பாலும் அவசியம்தான். பிக் ஜேஎஸ் (big.js) என்பது தசம எண் கணக்கைத் துல்லியமாகப் போட எழுதி வைத்த ஆயத்தக் கோடு. ஆனால் எல்லாத் தொகையையும் முழு எண்ணாகப் பைசாவிலேயே வைத்துக் கூட்டிக் கழிப்பதோடு வேலை முடிகிறது என்றால் லைப்ரரி வேண்டாம். சதவீதமோ வட்டியோ உள்ளே வந்துவிட்டால் போட்டுவிடுங்கள்.

0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும் என்பது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பயம் 1.005 மீதுதான். ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்ட் (toFixed) போட்டு இரண்டு தசம இடத்துக்குக் கொண்டுவந்தால் 1.01 வராது, 1.00 வரும். 1.005-ஐ பைனரியில் அப்படியே எழுத முடியாது. மெமரியில் இருப்பது அதைவிட இம்மி குறைந்த எண். முதல் பிழை திரையில் பளிச்சென்று தெரிந்துவிடும். இது சரியான பில் மாதிரியே அச்சாகிப் போய்விடும்.

பிக் ஜேஎஸ் எண்ணைத் தசம இலக்கங்களாகவே ஒரு அரேயில் வைத்துக்கொள்கிறது. அதனால் அங்கே 1.005 என்றால் 1.005 தான். ஒவ்வொரு மெத்தடும் பழைய எண்ணைத் தொடாமல் புதிய ஆப்ஜெக்டைத் தருவதால், அடுத்தடுத்த மெத்தடுகளைப் புள்ளி வைத்துக் கோத்துக்கொண்டே போகலாம்.

இந்தக் கோவையில்தான் கவனம் வேண்டும். கணக்கு இடமிருந்து வலமாகவே நடக்கும். பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது. 2-இல் தொடங்கி ப்ளஸ் 3, டைம்ஸ் 4 என்று எழுதினால் 14 அல்ல, 20. வகுத்தலை முடிந்தவரை கடைசிக்குத் தள்ளுங்கள். வகுக்கும்போது இயல்பாக 20 தசம இடத்தோடு நிறுத்திவிடும் என்பதால், 1-ஐ 3-ஆல் வகுத்துத் திரும்ப 3-ஆல் பெருக்கினால் 1 வராது, 0.99999999999999999999 வரும்.

பழக்கதோஷத்தில் இரண்டு பிக் எண்களுக்கு நடுவே + குறி போட்டுவிட்டால், இரண்டும் ஸ்ட்ரிங்காக மாறி 0.10.2 என்று ஒட்டிக்கொள்ளும். பிக் ஜேஎஸின் ஸ்ட்ரிக்ட் (Big.strict) அமைப்பை ட்ரூ என்று வைத்தால் அந்த இடத்திலேயே எர்ரர் வரும். சாதாரண எண்ணை உள்ளே அனுப்பினாலும் தடுத்துவிடும். அதை வைத்தே ஆரம்பியுங்கள். டேட்டாபேஸிலிருந்தும் ஜேசனிலிருந்தும் தொகைகளை ஸ்ட்ரிங்காகவே எடுத்து வாருங்கள்; ஏற்கெனவே பிழையான எண்ணைக் கொடுத்தால் லைப்ரரி அந்தப் பிழையையும் துல்லியமாகச் சுமக்கும்.

பின்ன அடுக்கு, லாகரிதம் எல்லாம் வேண்டுமென்றால் டெசிமல் ஜேஎஸ் (decimal.js) என்ற லைப்ரரி. ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் பிக்இன்ட் (BigInt) இதற்கு ஆகாது, அது முழு எண்ணுக்கு மட்டும்.

சரி, லைப்ரரி போட்டாயிற்று. 18% ஜிஎஸ்டி சேர்த்து 999 ரூபாய் என்று ஒரு பொருள். 100-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்து ரவுண்டு செய்தால் அடிப்படை விலை 846.61. 18% என்பது மத்திய வரி 9%, மாநில வரி 9% என்று பிரியும். அடிப்படை விலையில் 9% என்பது 76.1949, அதாவது 76.19. இரண்டு வரியையும் அடிப்படை விலையோடு கூட்டினால் மொத்தம் 998.99. ஒரு பைசா குறைகிறது. மாற்றிப் பார்க்கலாம்: 999-இல் 846.61 போக மீதி 152.39, அதைப் பாதியாக்கினால் 76.195, ரவுண்டு செய்தால் 76.20. இப்போது மொத்தம் 999.01. இரண்டு வழியிலும் லைப்ரரி தப்பே செய்யவில்லை. இப்படி வரும் பைசா வித்தியாசத்தைச் சரிக்கட்டவும் பில்லில் ரவுண்ட் ஆஃப் என்று தனியாக ஒரு லைன் போடுகிறார்கள். எந்த இடத்தில் ரவுண்டு செய்வது என்பதை கோடு எழுதும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்து, அதை ஒரே ஃபங்ஷனில் மட்டும் வையுங்கள்.